பரிசோதனை ‘நார்மல்’ என்கிறது. கூட்டத்தில் மட்டும் பேச்சு ஏன் பிடிபடுவதில்லை?

வாசகியின் கேள்வி: எனக்கு வயது 41. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஒருவர் எதிரே அமர்ந்து பேசினால் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் நான்கைந்து பேர் கூடிப் பேசும்போதும், பின்னணியில் சத்தம் இருக்கும்போதும், பேச்சு காதில் விழுகிறதே தவிர என்ன சொன்னார்கள் என்பது பிடிபடுவதில்லை. மூன்று ஆண்டுகளாக இப்படித்தான். இரண்டு முறை காது பரிசோதனை செய்துகொண்டேன். இரண்டு முறையும் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். “உனக்குக் கவனம் போதவில்லை” என்கிறார் கணவர். இருபதுகளில் இயர்போனில் அதிக ஒலியில் பாட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ‘மறைந்த செவித்திறன் இழப்பு’ என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். எனக்கு இருப்பது அதுதானா? கேட்கும் கருவி வாங்கலாமா? செவித்திறன் பற்றிக் கற்பித்தும் ஆராய்ந்தும் வருபவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் குறை, செவித்திறனைச் சோதிக்கும் ஆடியோலஜி பிரிவுக்கு வருபவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகளில் ஒன்று. அதற்கு உங்களுக்குக் கிடைத்த பதிலும் அடிக்கடி கொடுக்கப்படுவதே. உங்கள் சிரமம் உண்மை என்பதிலும், அந்த இரண்டு அறிக்கைகள் சரியானவை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அமைதியான அறையில் மிக மெல்லிய ஒலியைக் கேட்கும் திறனைத்தான் உங்களிடம் அளந்திருக்கிறார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒருவரின் பேச்சைப் பிரித்தெடுக்கும் திறனை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவைதான், ஆனாலும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகித்துவிட முடியாது. நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

வழக்கமான பரிசோதனையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலி புகாத அறையில் உங்களை உட்காரவைத்து, ஹெட்போன் வழியாக, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் தனித்த ஒலிகளை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே கொடுப்பார்கள். நீங்கள் பொத்தானை அழுத்தினால் ஒலி 10 டெசிபல் குறையும். அழுத்தாவிட்டால் 5 டெசிபல் கூடும். இப்படி இறங்கியும் ஏறியும், ஏறக்குறைய பாதித் தடவை உங்களுக்குக் கேட்கிற மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து ஒரு வரைபடத்தில் குறிக்கிறார்கள். அந்த வரைபடமே ஆடியோகிராம். அதில் உள்ள சுழியம், காது நோய் எதுவும் இல்லாத இளைஞர்களின் சராசரியைக் குறிக்கிறது. சுழியத்துக்கு மேல் எவ்வளவு வரை ‘நார்மல்’ என்று எழுதலாம் என்பதில் இன்றும் ஒருமித்த எல்லை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையில் 20 டெசிபலுக்குக் கீழ் என்று வரையறுத்தது; 25 டெசிபல் வரை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைகளும் உண்டு.

இந்த எல்லை எவ்வளவு அகலமானது என்பதை எண்ணிப் பாருங்கள். இருபது வயதில் சுழியம் டெசிபலில் கேட்ட ஒருவருக்கு இன்று அதே ஒலி 20 டெசிபலில்தான் கேட்கிறது என்றால், அந்த ஒலியை உணர அவருக்கு முன்பைவிடப் பத்து மடங்கு ஒலியழுத்தம் தேவைப்படுகிறது என்று பொருள். அறிக்கை அப்போதும் ‘நார்மல்’ என்றோ, எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றோதான் சொல்லும். உங்கள் பழைய அளவு என்னவென்று யாரும் குறித்துவைக்காததால், உங்களுக்குள் நிகழ்ந்த மாற்றம் அந்த வரைபடத்தில் தெரிய வழியில்லை. ஆகவே அறிக்கையின் கீழே எழுதப்பட்ட ஒரு சொல்லை மட்டும் படிக்காமல், வரைபடத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வையுங்கள். ஒரே அதிர்வெண்ணில் 5 டெசிபல் வேறுபாடு இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே நபரை மறுநாள் சோதித்தாலும் அந்த அளவுக்கு மாறும். 10 டெசிபலோ அதற்கு மேலோ, அதுவும் அடுத்தடுத்த அதிர்வெண்களில் மாறியிருந்தால் அதைச் சோதித்தவரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

முதலாண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லால் கற்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவருக்கொருவர் ஆடியோகிராம் எடுக்கச் சொல்கிறேன். பிறகு அதே மாணவர்களை, பலர் பேசும் இரைச்சலுக்கு இடையே வாக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் செய்கிறேன். ஏறக்குறைய ஒரே வரைபடம் கொண்ட இருவரில் ஒருவர் இரைச்சல் ஏற ஏறச் சொற்களை இழந்துவிடுவதும், மற்றவர் சிரமமின்றித் தொடர்வதும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் தெரியவருகிறது. அதற்குப் பிறகு, வருபவர் சொல்வதைக் கேட்டு முடிப்பதற்கு முன் அவரது ஆடியோகிராமைப் பார்க்கக் கூடாது என்ற என் விதியை அவர்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். படம் முன்னால் இருந்தால் காது கொடுத்துக் கேட்கும் பொறுமை குறைந்துவிடுகிறது. இது அனுபவசாலிகளுக்கும் பொருந்தும்.

இந்த இரண்டு திறன்களும் பிரிந்து நிற்பது ஏன் என்பதற்கு உட்செவியின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. சுருள் வடிவிலான காக்ளியாவுக்குள் ஏறக்குறைய 12,000 புற மயிரிழைச் செல்களும், 3,500 அக மயிரிழைச் செல்களும் உள்ளன. புறச் செல்கள் மெல்லிய ஒலிகளின் அதிர்வை வலுவூட்டிக் கொடுக்கின்றன. அந்த அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது அகச் செல்களின் வேலை. செவி நரம்பில் சுமார் 30,000 இழைகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை இந்த அகச் செல்களோடுதான் இணைந்துள்ளன. சத்தத்தில் வாழ்ந்த காதுகளில் பெரும்பாலும் முதலில் சேதமடைபவை புறச் செல்கள் என்றுதான் நெடுங்காலம் கருதினோம். புறச் செல்கள் அழிந்தால் ஆடியோகிராம் அதை உடனே காட்டிவிடும். அகச் செல்களோ நரம்பு இழைகளோ குறைந்தால் நிலைமை வேறு. அமைதியில் ஒரு தனி ஒலி வந்தது என்று மூளை அறிந்துகொள்ள மிகச் சில இழைகள் செய்தி அனுப்பினாலே போதும். சின்சில்லா என்னும் கொறிவிலங்கில், கார்போபிளாட்டின் மருந்தால் அக மயிரிழைச் செல்களில் சுமார் 80 சதவீதம் அழிந்த பிறகும், அமைதியில் ஒலியை உணரும் அளவு பெரிதாக மாறவில்லை என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் ஆடியோகிராம் எதைக் காணாமல் விட்டுவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

நீங்கள் படித்த ‘மறைந்த செவித்திறன் இழப்பு’ என்ற கருத்தும் இந்த வழியில் பிறந்ததே. 2009இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகிய இருவரும் எலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். எலிகளின் செவித்திறன் உடனே குறைந்தது. பிறகு சில நாள்களிலிருந்து வாரங்களுக்குள் பழைய அளவுக்குத் திரும்பியது. மயிரிழைச் செல்களும் அழியவில்லை. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயர் அதிர்வெண்களுக்குரிய பகுதியில் அகச் செல்களையும் நரம்பு இழைகளையும் இணைக்கும் சந்திப்புகளில் பாதி வரை மறைந்திருந்தன. அவை மீண்டும் வரவில்லை. இசை நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் காது தெளிந்துவிட்டது என்று நிம்மதி அடைகிற நமக்கு இது சாதாரணச் செய்தி அன்று. 2011இல் ரோலண்ட் ஷேட்டே, டேவிட் மக்அல்பைன் இருவரும், ஆடியோகிராம் சரியாக இருந்தும் காதிரைச்சலால் அவதிப்படுபவர்களிடம், செவி நரம்பிலிருந்து வரும் முதல் மின் அலை சிறுத்திருப்பதைக் கண்டு, நீங்கள் குறிப்பிடும் பெயரைப் பயன்படுத்தினார்கள். பெயர் அழகாக இருந்ததால் வேகமாகப் பரவியது.

பரவிய வேகத்துக்கு ஆதாரம் ஈடுகொடுக்கவில்லை. இழந்த சந்திப்புகளை எலியில் எண்ணிப் பார்க்கலாம். உயிரோடு இருக்கும் மனிதரிடம் அவற்றை எண்ணுவதற்கு இன்று வழி இல்லை. இறந்தவர்களின் உட்செவிகளை ஆராய்ந்ததில், வயது ஏறும்போது நரம்பு இணைப்புகள் மயிரிழைச் செல்களைவிடக் கூடுதலாகக் குறைகின்றன என்பது தெரியவந்திருக்கிறது; மனிதரிடமும் இந்த இழப்பு நிகழ்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதை ஒரு குறிப்பிட்ட நபரிடம் நிறுவுவது வேறு விஷயம். தலையில் மின்வாய்களை ஒட்டி எடுக்கும் மூளைத்தண்டுப் பதிவின் முதல் அலை, தலையின் அளவு, ஆணா பெண்ணா என்பது, மின்வாயை வைத்த இடம் என்று பலவற்றால் மாறுகிறது. இளைஞர்களின் வாழ்நாள் இரைச்சல் அனுபவத்தையும் அந்த அலையையும் ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டின் ஒரு பெரிய ஆய்வில் எதிர்பார்த்த தொடர்பு தென்படவில்லை. எலி ஆய்வைப் படித்துவிட்டு உற்சாகத்தோடு வரும் ஆய்வு மாணவர்களிடம், மனிதரில் செய்யப்பட்ட ஆய்வுகளின் முறையியல் பகுதியையும் படித்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. ஆகவே, உங்களுக்கு இருப்பது அதுதானா என்ற கேள்விக்கு என் விடை: இருக்கக்கூடும், உறுதி செய்யும் சோதனை எதுவும் இன்று இல்லாததால், எவரது அறிக்கையிலும் அந்தப் பெயரை நோய்முடிவாக நான் எழுதுவதில்லை. இதற்கென்று விலை சொல்லி ஒரு தனிச் சோதனையையோ மாத்திரையையோ யாராவது முன்வைத்தால் ஒதுங்கிவிடுங்கள்.

காதோடு இந்த விளக்கம் முடிந்துவிடுவதில்லை. 1953இல் காலின் செர்ரி செய்த சோதனைகளில், கேட்பவரின் ஒரு காதில் ஒரு பேச்சும் மறு காதில் வேறொரு பேச்சும் ஒலித்தன. ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லும்படி பணித்தார். கேட்பவர்கள் அதை நன்றாகவே செய்தார்கள். ஆனால் மறு காதில் பேச்சு எந்த மொழியில் இருந்தது என்பதைக்கூடப் பலரால் சொல்ல முடியவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறுவது போன்ற மாற்றங்களை மட்டும் கவனித்தார்கள். வேண்டிய குரலைத் தேர்ந்து மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளும் இந்த வேலையை மூளை ஓயாமல் செய்கிறது. குரலின் சுருதி, வரும் திசை, உதடுகளின் அசைவு, அடுத்து என்ன வரும் என்ற ஊகம், சற்றுமுன் கேட்டதை நினைவில் வைத்திருத்தல் என்று பல துணைகளை அது நாடுகிறது. திசையை அறிய இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாடு உதவுகிறது. நன்றாகக் கேட்கும் ஒருவரால் நொடியின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான வேறுபாட்டைக்கூட உணர முடியும். நரம்பிலிருந்து வரும் செய்தி நேர ஒழுங்கில் சற்றே கலங்கியிருந்தாலும் இவ்வளவு நுட்பமான கணக்கு தடுமாறும் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே.

பின்னணியில் உள்ளது எவ்வகைச் சத்தம் என்பதும் பெரிய அளவில் முக்கியம். மின்விசிறியின் சீரான ஓசை, பேச்சின் சில பகுதிகளை மூடி மறைக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து மேசையில் இருவர் பேசுவது அதோடு நிற்பதில்லை. அதிலும் சொற்கள் இருக்கின்றன, பொருள் இருக்கிறது. வேண்டாம் என்றாலும் மூளை அதன் பின்னே போகிறது. ஒலியளவில் குறைவாக இருந்தும் அந்தப் பேச்சு கூடுதலாகக் குழப்புவது இதனால்தான். ‘பட்டு’, ‘தட்டு’, ‘கட்டு’ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுவது முதல் மெய்யின் மிகக் குறுகிய, மெல்லிய ஒலித்துணுக்கு மட்டுமே. அது மறைந்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். அமைதியில் அந்தத் துணுக்கு முழுதாக வந்து சேர்கிறது. இரைச்சலில் அது பாதி மறையும்போது, மீதியைச் சூழலிலிருந்து ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. சொற்கள் காதில் விழுகின்றன, பொருள் மட்டும் பிடிபடுவதில்லை என்று நீங்கள் எழுதியது இந்த நிலையைத் துல்லியமாக விவரிக்கிறது.

உங்கள் கணவரின் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் நோக்கிய காரணம் முற்றிலும் பொருத்தமற்றதன்று, ஆனால் அதன் திசை தலைகீழாக இருக்கிறது. தெளிவில்லாத பேச்சைத் தொடர்பவர் மற்றவர்களைவிடக் கூடுதலான கவனத்தைச் செலவிடுகிறார். கேட்பது கடினமாகும்போது கண்மணி விரிவதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்ட முடிகிறது. மனம் எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேசத் தோன்றாத அளவுக்கு அயர்ச்சி வருகிறதா என்று நான் வருபவர்களிடம் தவறாமல் கேட்பதற்கு அதுதான் காரணம். அந்த அயர்ச்சியில் வீட்டில் ஒருவர் சொன்னதைத் தவறவிட்டால், பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத்தான் தெரியும். கவனக்குறைவு நிலை, மன அழுத்தம், மனச்சோர்வு, தொடர்ந்த தூக்கமின்மை ஆகியவையும் இதே குறையைத் தோற்றுவிக்கும் அல்லது கூட்டும் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. இவற்றில் ஏதேனும் மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருந்தால், அல்லது அந்தச் சமயத்தில் புதிய மருந்து எதையும் எடுக்கத் தொடங்கியிருந்தால், அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். அலுவலகத்தில் அறை மாறியதா என்பதையும் யோசித்துப் பாருங்கள். கண்ணாடிச் சுவரும் வெறுந்தரையும் கொண்ட அறையில் எதிரொலி ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் மேல் போட்டுவிடும். அங்கே நல்ல காதும் திணறும்.

இனி, மூன்றாவது முறையாகச் செல்லும்போது என்ன கேட்க வேண்டும் என்பது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் காதைப் பார்த்து, அடைத்த மெழுகோ நடுச்செவியில் நீரோ இல்லை என்று உறுதி செய்யட்டும். இது ஒரு சில நிமிட வேலை. பிறகு ஆடியோலஜிஸ்டிடம், “இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனை வேண்டும்” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அது பல இடங்களில் நடப்பதில்லை. வாக்கியங்களை ஒரே அளவில் ஒலிக்கவிட்டு, பின்னணிப் பேச்சை 5 டெசிபல் படிகளில் உயர்த்திக்கொண்டே போய், எந்த நிலையில் பாதிச் சொற்கள் மட்டும் பிடிபடுகின்றன என்று அதில் பார்ப்பார்கள். பேச்சு இரைச்சலைவிட எத்தனை டெசிபல் உயர்ந்திருந்தால் உங்களுக்குப் புரிகிறது என்பதே இங்கே விடை. நன்றாகக் கேட்பவர்களோடு ஒப்பிட உங்களுக்கு 3 டெசிபலுக்கு மேல் கூடுதலாகத் தேவைப்பட்டால், குறை அளவிடப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். 3 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் வாக்கியங்களில் ஒரு டெசிபல் மாற்றமே புரியும் சொற்களின் அளவைச் சுமார் 10 சதவீதம் மாற்றிவிடக்கூடும் என்பதால், அது உரையாடலில் இருப்பதற்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு. சோதனை வாக்கியங்கள் நீங்கள் சிறு வயதிலிருந்து பேசும் மொழியில் இருக்க வேண்டும். பிறகு கற்ற மொழியில், இரைச்சலில், எல்லோருடைய மதிப்பெண்ணும் குறையும். அத்தகைய வாக்கியத் தொகுப்பு இல்லாத இடத்தில், இரைச்சலில் எண்களைக் கேட்டுச் சொல்லும் சோதனை ஒரு மாற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘ஹியர்ஹூ’ செயலி இந்த முறையில்தான் அமைந்தது. ஆனால் செயலியின் மதிப்பெண் மருத்துவரிடம் போகத் தூண்டுவதற்கானது; அதை வைத்து முடிவு எடுக்கக் கூடாது.

அதோடு, 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் 16,000 வரையிலான அதிர்வெண்களையும் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். இரைச்சலாலும் வயதாலும் ஏற்படும் சேதம் அங்கே முன்னதாகத் தெரிவதுண்டு. வழக்கமான ஆடியோகிராம் அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. ஒலியைக் கேட்ட காது தானும் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி வெளியிடுகிறது என்று 1978இல் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். அந்த ஒலியை நுண்ணிய மைக்ரோபோனால் பதிவு செய்வதன் மூலம் புற மயிரிழைச் செல்களின் நிலையை, நீங்கள் பொத்தானை அழுத்தாமலே அறியலாம். உரத்த ஒலிக்கு நடுச்செவித் தசை சுருங்குகிறதா என்பதையும் அதே அமர்வில் பார்த்துவிடலாம். இந்த இரண்டும் சரியாக இருந்து, இரைச்சலில் பேச்சு மட்டும் மோசமாக இருந்தால், மூளைத்தண்டுப் பதிவும், மூளை ஒலியைக் கையாளும் விதத்தைப் பார்க்கும் சோதனைகளும் அடுத்த படி. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடிக்க முனைய வேண்டாம். களைத்த நிலையில் செய்த சோதனையின் மதிப்பெண்ணை நம்ப முடியாது.

சோதனை முடிவுக்காகக் காத்திராமல் இப்போதே செய்யக் கூடியவை சில உண்டு. அவற்றில் தலையானது தூரம். திறந்த வெளியில், பேசுபவருக்கும் உங்களுக்கும் இடையிலான தூரம் பாதியானால் அவர் குரல் 6 டெசிபல் கூடுகிறது. அறைக்குள் எதிரொலியால் இந்த ஆதாயம் குறையும் என்றாலும், மேலே சொன்ன 3 டெசிபலோடு ஒப்பிட்டால் அதுவும் பெரிய ஆதாயமே. கூட்டத்தில் நடுப்பகுதியில், சுவருக்கு முதுகு காட்டி, முக்கியமாகப் பேசப்போகிறவரின் முகம் வெளிச்சத்தில் தெரியும்படி உட்காருங்கள். பேசுபவரின் முகத்தைப் பார்ப்பதால் கிடைக்கும் உதவி இரைச்சல் கூடக் கூட மேலும் பயன்படுகிறது என்பது 1954லேயே அளந்து காட்டப்பட்டது. பேசப்போகும் பொருள்களை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்ன வரும் என்று தெரிந்த பேச்சைத் தொடர்வது எளிது. “என்ன?” என்று கேட்டால் பெரும்பாலோர் அதே வாக்கியத்தை உரத்துச் சொல்வார்கள். “செலவுக் கணக்கு என்பது வரை கேட்டது, எந்த மாதம் என்றீர்கள்?” என்று கேட்டால் தேவையான சொல் மட்டும் தெளிவாக வந்துசேரும்; நீங்கள் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கேட்கும் கருவியைப் பொறுத்தவரை, இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆடியோகிராம் சரியாக உள்ளவர்களுக்கு மிகக் குறைந்த வலுவூட்டலோடு கருவி பொருத்திப் பார்த்த சிறிய ஆய்வுகள் உண்டு. சிலருக்கு அது உதவியிருக்கிறது; முன்னால் வரும் ஒலியை மட்டும் வாங்கும் திசை மைக்ரோபோனுக்கு அதில் பங்கு இருக்கலாம். ஆனால் உங்கள் குறை சத்தம் போதாமையால் வருவதன்று; எல்லாச் சத்தத்தையும் சேர்த்து உயர்த்தும் கருவி, பக்கத்து மேசைப் பேச்சையும் சேர்த்தே உயர்த்தும். பேசுபவர் சட்டையில் செருகிக்கொள்ளும் அல்லது மேசை நடுவில் வைக்கும் தொலை மைக்ரோபோன், அவரது குரலை நேராக உங்கள் காதுக்குக் கொண்டுவருவதால், இரைச்சலைப் பொறுத்தவரை வேறு எந்தச் சாதனத்தையும்விடக் கூடுதலாக உதவுகிறது. சோதனையில் குறை உறுதியானால், கருவியை முதலில் சில வாரங்கள் இரவலாக அணிந்து பார்க்க ஒப்புக்கொள்ளும் இடத்தில் மட்டும் பேசுங்கள். காதுக்குப் பயிற்சி என்று சொல்லி விற்கப்படும் செயலிகளில், பயிற்சி செய்த பணியில் மதிப்பெண் ஏறுகிறது. அன்றாடப் பேச்சுக்கு அது எவ்வளவு கடத்தப்படுகிறது என்பதில் எனக்கு நிறைவு தரும் சான்று இதுவரை கிடைக்கவில்லை.

இருபதுகளின் இயர்போனை எண்ணி உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். அதுதான் காரணம் என்று நிறுவ எவராலும் முடியாது. இனி வருவதைக் கவனிப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. பாலூட்டிகளின் காக்ளியாவில் அழிந்த மயிரிழைச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. பறவைகளுக்கு வளர்கின்றன என்பதை 1980களின் பிற்பகுதியில் கண்டறிந்ததிலிருந்து அந்த ரகசியத்தைத் தேடும் ஆய்வுகள் தொடர்கின்றன, மனிதருக்கு இன்னும் பயன் கிட்டவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபலில் இசை கேட்கலாம். ஒலி 3 டெசிபல் கூடினால் காதில் சேரும் ஆற்றல் இரட்டிப்பாவதால், அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகிவிடும். இரைச்சலான இடத்தில் ஒலியளவைக் கூட்டுவதைவிட, வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போனைக் குறைந்த அளவில் பயன்படுத்துவது நல்லது.

உங்கள் கடிதத்தில் இல்லாத சில அறிகுறிகள் தோன்றினால் இந்த நிதானம் பொருந்தாது. ஒரு காதில் மட்டும் கேட்பது திடீரென்று குறைந்தால், சளி என்று நினைத்துக் காத்திராமல் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு காதில் மட்டும் தொடர்ந்து இரைச்சல் கேட்டாலோ, தலைசுற்றல் சேர்ந்து வந்தாலோ, இரண்டு காதுகளின் ஆடியோகிராமுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரிந்தாலோ, செவி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்ய ஸ்கேன் தேவைப்படலாம். இவை எதுவும் இல்லையென்றால், நான் சொன்ன சோதனைகளைச் செய்து முடித்து, எண்களோடு கூடிய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஓராண்டு கழித்து அதே சோதனைகளை, இயன்றால் அதே இடத்தில், மறுபடி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் கணவரையும் உடன் அழைத்துச் சென்று, இரைச்சலில் வாக்கியம் கேட்கும் அந்தச் சோதனையை அவரும் ஒருமுறை செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான ஆடியோலஜிஸ்டுகள் மறுக்க மாட்டார்கள்.